காபூல் 1841: கெடுத்தது பிளவுபட்ட தலைமையா?

மலைப்பாதை: முதல் ஆங்கிலேய-ஆப்கான் போரில் காபூல் பிரிட்டிஷ் படையின் பிடியில் இருந்தது. 1841 நவம்பர் 2 காலையில் நகருக்குள் அவர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. பிரிட்டிஷ் அரசியல் அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸை அவர் வீட்டிலேயே கொன்றார்கள். பிரிட்டிஷ் முகாமிலிருந்து அவரைக் காப்பாற்ற ஒரு படையும் போகவில்லை. அதிகாரம் மூன்றாகப் பிரிந்து கிடந்ததுதான் காரணம் என்பேன். அரசியல் முடிவு தூதர் மெக்நாட்டனிடம். படை ஜெனரல் எல்ஃபின்ஸ்டனிடம். கீல்வாதத்தில் கிடந்தவர், அன்று குதிரையிலிருந்தும் விழுந்தார். அடுத்த நிலையில் இருந்த பிரிகேடியர் ஷெல்டனோ ஜெனரலை மதிக்கவே இல்லை. காலையில் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு யோசிப்போம் என்று ஜெனரல் தூதருக்கு எழுதினார். நகரம் எரியும்போது எழுதுகிற கடிதமா இது?

கணக்கர்: ஒத்துக்கொள்ள மாட்டேன். அக்டோபரிலேயே காரியம் கெட்டுவிட்டது. கணவாய்களைத் திறந்து வைக்கக் கில்சாய் பழங்குடித் தலைவர்களுக்குக் கொடுத்துவந்த 80,000 ரூபாயைச் சிக்கனம் என்று பாதியாக வெட்டினார்கள். உடனே இந்தியாவுக்குப் போகும் பாதை அடைபட்டது. முகாமோ பள்ளத்தில், சுற்றிலும் குன்றுகள், தானியக் கிடங்கு மதிலுக்கு வெளியே. ஒரே தளபதி இருந்திருந்தாலும் அங்கே என்ன செய்திருப்பார்?

மலைப்பாதை: கிடங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கட்டியது தவறு, சரி. ஆனால் அதைக் காத்த சிறு காவல்படை உதவி கேட்டபோது, ஜெனரல் முதலில் விட்டுவிட்டு வரச் சொன்னார். கிடங்கு போனால் சாப்பாடே போய்விடும் என்று மற்றவர்கள் சொன்னதும், காக்க வேண்டும் என்றார். அப்புறம் பேச்சு, மேலும் பேச்சு. அதற்குள் காவல்படை வெளியேறிவிட்டது. தங்கள் தானிய மூட்டைகளை அடுத்தவன் தூக்கிப்போவதைச் சிப்பாய்கள் மதில்மேல் நின்று பார்த்தார்கள். ஆலோசனைக் கூட்டத்துக்கு ஷெல்டன் ரஜாயோடு (பஞ்சுப் போர்வை) வந்து தரையில் படுத்துக்கொள்வார். கருத்துக் கேட்டால் குறட்டைதான் பதில்.

கணக்கர்: நவம்பர் 23, முகாமுக்கு அருகே பெமாரு குன்றில் நடந்த சண்டை. அங்கே ஷெல்டன் மட்டும்தான் தலைமை. இரண்டு பீரங்கிக்குக் குறையக்கூடாது என்ற நிலையாணை இருந்தும் ஒன்றோடு போனார். சுட்டுச் சுட்டு அது சூடேறி நின்றுபோனது. குதிரைப்படையைத் தடுக்க வகுக்கும் சதுர அணியைக் குன்றின்மேல் வகுத்தார். ஆப்கானியரின் ஜெசாயில் என்ற நீண்ட குழல் துப்பாக்கியின் குண்டு வந்து விழுந்தது, இவர்கள் சுட்டது அங்கே எட்டவில்லை. இதில் பிளவு எங்கே இருக்கிறது?

மலைப்பாதை: அவரை அங்கே அனுப்பியது யார்? மெக்நாட்டன் வற்புறுத்தினார், ஷெல்டன் எதிர்த்தார். நம்பிக்கையில்லாத சண்டைக்கு அரை மனதோடு போனவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

வடவாசல்: குறுக்கிடுகிறேன். கந்தஹாரையும் பாருங்கள். அங்கேயும் இரண்டு பேர்தான்: ஜெனரல் நாட், அரசியல் முகவர் ராலின்சன். வெளியேறச் சொல்லிக் காபூலிலிருந்து உத்தரவு வந்தது. இருவரும் சேர்ந்து மறுத்தார்கள், ஊரும் கையில் நின்றது. ஆகவே தலைகளின் எண்ணிக்கையை விட, முடிவெடுக்க ஆள் இருந்தாரா என்பதுதான் என் கேள்வி.

கணக்கர்: கந்தஹார் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஜெனரல் நாட்டுக்குக் காபூலைப் போலப் பாதி வெட்டிய மானியமும் பள்ளத்து முகாமும் கிடைக்கவில்லையே. அந்த வேறுபாட்டை நான் விடமாட்டேன்.

மலைப்பாதை: விட வேண்டாம். ஆனால் மெக்நாட்டன் டிசம்பர் 23-இல் கொல்லப்பட்ட பிறகும் இரண்டு வாரம் இருந்தது. காபூலின் பாலா ஹிஸார் கோட்டைக்குள் போய்க் குளிரைக் கழிக்கலாம் என்ற யோசனை முன்பே இருந்தது. ஷெல்டன் மறுத்தார், ஜெனரலால் மீற முடியவில்லை. ஜனவரி 6 அன்று ஏறத்தாழ 4,500 படையினரும் 12,000 முகாம் ஆட்களும் பனியில் இறங்கினார்கள். 13-ஆம் தேதி மருத்துவர் பிரைடன் மட்டும் காயத்தோடு, களைத்துப்போன குதிரையில், பிரிட்டிஷ் படை இருந்த ஜலாலாபாத் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.