இம்போல்க்: பிரிஜிட் சிலுவை முடைவதில் சிக்கல், கூடவே ஒரு சந்தேகம்

கேள்வி:
பிப்ரவரி 1, அயர்லாந்தில் வசந்தம் தொடங்கும் திருநாளான இம்போல்க், அதாவது அந்நாட்டுப் பெண் புனிதர் பிரிஜிட்டின் நாள். அதையொட்டி ஒரு பயிலரங்குக்குத் தயாராகிறேன். கோரை மாதிரியான ரஷ் செடியின் தண்டில் பிரிஜிட் சிலுவை முடைந்தால் மடிப்பில் முறிகிறது, நடுப்பகுதியும் தொளதொளக்கிறது. எதனால்? நிலவையும் மாதவிலக்கையும் ஒட்டிய பெண்கள் திருநாள் இது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியே சொல்லலாமா?

பதில் 1:
முறிந்தால் தண்டு காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ரஷ் ஈரநிலத்தில் வளரும். மரபுப்படி கத்தி படாமல் கையால் பிடுங்குவார்கள். பறித்த ஓரிரு நாளில் முடைந்துவிடுங்கள். 30 செ.மீ. நீளத்தில் 17 தண்டு போதும்: நடுவில் ஒன்று, சிலுவையின் நான்கு கைகளுக்கும் தலா நான்காக மடிக்க 16.

நடுத்தண்டைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இரண்டாவதைப் பாதியாக மடித்து அதன்மேல் மாட்டுங்கள், நுனிகள் வலப்பக்கம் இருக்கட்டும். மொத்தத்தையும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்புங்கள். அடுத்த தண்டை, மேல்நோக்கி நிற்கும் எல்லாத் தண்டுகளையும் சேர்த்து வளைத்து, மறுபடி நுனி வலப்பக்கம் வரும்படி மாட்டுங்கள். கடைசிவரை இதேதான். ஒரே ஒருமுறை திசை மாறினாலும் நடுவில் உருவாகும் சதுரம் கோணிவிடும்.

நடு தொளதொளக்கக் காரணம், மடிப்பை மையத்தோடு ஒட்ட இழுக்காமல் விடுவது. கட்டைவிரலை மையத்திலிருந்து எடுக்கவே கூடாது. நான்கு கைகளின் நுனிகளையும் முதலில் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். காயும்போது தண்டு சுருங்கும். நூலால் கட்டினால் முடிச்சு தளர்ந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் நூலுக்கு மாற்றலாம்.

பதில் 2:
நிலவு, மாதவிலக்கு இரண்டையும் விட்டுவிடுங்கள். இம்போல்க் பற்றிய பழைய ஐரிஷ் குறிப்புகள் செம்மறியின் பாலைத்தான் பேசுகின்றன. இயற்கை வழிபாட்டுக் குழுக்கள் இன்று கொண்டாடும், எட்டுத் திருநாள் கொண்ட 'ஆண்டுச் சக்கரம்' 20ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் தொகுத்தது. ஐரிஷ் மரபில் இருப்பவை நான்கு பருவத் திருநாள்கள்: சாவன், இம்போல்க், பெல்டனா, லூனஸா.

ஆனால் பெண்களோடு தொடர்பே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், அது வேறு இடத்தில் அழுத்தமாகவே இருக்கிறது. இலையுதிர்காலத்தில் பகல் குறுகும்போது செம்மறிக்குச் சினைப்பருவம் வரும். சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். செப்டம்பர் தொடக்கத்தில் சினைபிடித்தது பிப்ரவரி வாக்கில் ஈனும். குளிர்காலம் முழுக்க பால் வற்றிக் கிடந்த வீட்டுக்கு அதுதான் புதுப்பால். கறப்பது, கடைவது, வெண்ணெய் எடுப்பது எல்லாம் பெண்கள் வேலை. மே மாதம் பெல்டனாவில் மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டியபின், அங்கே குடிசை போட்டுத் தங்கி வெண்ணெய் எடுத்தவர்களில் இளம்பெண்களே அதிகம். பயிலரங்கில் இந்தப் பால் கணக்கைச் சொல்லுங்கள்.

பதில் 3:
ஜனவரி 31 மாலைச் சடங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண் ஒருத்தி ரஷ் கட்டோடு வெளியே நின்று மூன்று முறை கதவைத் தட்டி, பிரிஜிட்டை உள்ளே விடச் சொல்வாள். உள்ளே இருப்பவர்கள் வரவேற்றுப் பதில் சொல்வார்கள். அந்த ரஷ் கட்டை மேசைக்கடியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அதன்பிறகுதான் சிலுவை முடைவார்கள். அன்றிரவு வெளியில் போட்டுவைக்கும் துணியைப் பத்திரப்படுத்தி, தலைவலிக்கும் பிரசவத்துக்கும் பசு கன்று ஈனும்போதும் எடுப்பார்கள். பெண்கள் பற்றிய பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

2023 முதல் அயர்லாந்தில் இது பொது விடுமுறை. பிப்ரவரி முதல் திங்களன்று வரும்; பிப்ரவரி 1 வெள்ளியாக இருந்தால் அன்றே. தேதி குறிக்கும்போது கவனியுங்கள்.