கேரவனில் உள்ள ஜெனரேட்டரை வீட்டு மின்சாரத்துக்குப் பயன்படுத்தலாமா?

வண்ணார்பேட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைமீறி வந்தபோது, எங்கள் தெருவில் நான்கு நாள்கள் மின்சாரம் இல்லை. என் தந்தையாருக்கு ஆக்சிஜன் செறிவூட்டி இடைவிடாமல் ஓட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. அதன்பிறகு சிலிண்டருக்காக இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து சென்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

என் மைத்துனர் படப்பிடிப்புகளுக்கு வாடகைக்கு விடுவதற்காகப் பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதில் 5 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது. வேலை இல்லாத நாள்களில் வண்டி எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். அந்த ஜெனரேட்டரைக் கொண்டு செறிவூட்டி, ஃபிரிட்ஜ், நான்கு மின்விசிறிகள், விளக்குகள், ஒரு குதிரைத்திறன் போர்வெல் மோட்டார் ஆகியவற்றை இயக்க முடியுமா? மெயினை அணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் பிளக் மாட்டிய கேபிளை 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் போதும் என்கிறார் எங்கள் வயர்மேன். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற மின்வாரியப் பணியாளர்:

அண்ணாச்சி, அந்த இருபக்கப் பிளக் கேபிளைத் தயவுசெய்து வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதன் ஒரு முனை ஜெனரேட்டரில் இருக்கும்போது மறுமுனையின் பித்தளைக் கால்களில் 230 வோல்ட் வெளியே தெரியும்படி நிற்கும். மெயினை அணைக்க ஒருவர் ஒருமுறை மறந்தாலும், மின்சாரம் சர்வீஸ் வயர் வழியாகத் தெருவுக்குச் செல்லும். டிரான்ஸ்ஃபார்மர் எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதால், உங்கள் 230 வோல்ட் அதன் மறுபுறத்தில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்துவிடும். லைனை அணைத்தாயிற்று என்று நம்பி, மழையில் கம்பம் ஏறி அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருப்பவரின் கையில்தான் அது போய் முடியும். வெள்ளம் வடிந்த வாரத்தில் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் சேற்றில் நின்று இரவு பகலாகக் கம்பி இழுத்தார்கள்; அவர்களை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மீட்டருக்கும் டி.பி. பெட்டிக்கும் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) இடையில், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இரண்டு முனைச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்றை, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு பொருத்துங்கள். வாரிய மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒரே நேரத்தில் சேர முடியாதபடி அதன் அமைப்பே தடுத்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேரவனின் பக்கவாட்டில் இருக்கும் மின் இணைப்புப் பொதுவாக வெளியிலிருந்து மின்சாரத்தை உள்ளே வாங்குவதற்கானது. அதிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கக் கூடாது. ஜெனரேட்டரின் பிரேக்கரிலிருந்து தனியாக வயர் இழுத்து, வண்டியில் 32 ஆம்பியர் தொழிற்சாலை வகைச் சாக்கெட்டையும், வீட்டுச் சுவரில் அதற்கு இணையான உள்வாங்கும் பிளக்கையும் வைக்கச் சொல்லுங்கள். அப்போது உயிருள்ள முனை எப்போதும் மூடிய பக்கத்திலேயே இருக்கும்.

பேட்டை மோட்டார் வைண்டிங்:

முதலில் ஜெனரேட்டரின் பெயர்த்தகட்டைப் பாருங்கள். அமெரிக்க வண்டியிலிருந்து கழற்றி வந்ததாக இருந்தால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அது நம் வீட்டுக்கு ஆகாது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றிருந்தால், 0.8 பவர் ஃபேக்டரில் (மொத்தத் திறனில் உண்மையில் வேலைக்கு வரும் பங்கு) 5 கே.வி.ஏ. என்பது 4 கிலோவாட். நீங்கள் சொன்ன செறிவூட்டி, ஃபிரிட்ஜ், மின்விசிறி, விளக்கு எல்லாம் சேர்ந்தாலும் 1 கிலோவாட்டைத் தாண்டாது. சிக்கல் மோட்டாரில்தான். ஓடும்போது 7 ஆம்பியர் அளவில் இழுக்கும் மோட்டார், கிளம்பும் நொடியில் அதைப்போல நான்கைந்து மடங்கு இழுக்கும். ஜெனரேட்டரோ 22 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே கொடுக்கக்கூடியது. வோல்டேஜ் தாழ்ந்தால் செறிவூட்டி அலாரம் அடித்து நின்றுவிடக்கூடும். எனவே செறிவூட்டியை எப்போதும் இன்வெர்ட்டரின் வழியாகவே இயக்குங்கள். தொட்டியை நிரப்பும் அரைமணி நேரம் செறிவூட்டி தவிர மற்றவற்றையெல்லாம் அணைத்துவிட்டு மோட்டாரை ஓட்டுங்கள். அப்படியும் கிளம்பத் திணறினால் ஓட்ட வேண்டாம், வைண்டிங் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) வெந்துவிடும்.

கல்லிடைக்குறிச்சி செவிலியர்:

அண்ணாச்சி, வண்டி வாசலில் நிற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கவலை அதைப் பற்றித்தான். கேரவன் ஜெனரேட்டரின் புகைக்குழாய் பெரும்பாலும் வண்டியின் அடியிலேயே முடிகிறது. நம் வீடுகளில் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டியே முன்னறை ஜன்னல் இருக்கும். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. செறிவூட்டி அறைக் காற்றைத்தான் இழுத்துத் தருகிறது என்பதால், அறைக் காற்று கெட்டால் உங்கள் தந்தையாருக்கு அது இரட்டை ஆபத்து. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பியும் இருந்துவிட முடியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்த இரத்தமாகவே காட்டும். வண்டியை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, காற்று வீட்டை நோக்கி வீசாத பக்கத்தில் நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தந்தையாரின் அறையில் மாட்டுங்கள்.

மேலும், அந்த ஜெனரேட்டர் முழங்கால் உயரத்தில்தான் தொங்கும். இடுப்பளவுத் தண்ணீர் வந்த தெருவில் முதலில் மூழ்குவது அதுவாகத்தான் இருக்கும். ஆகவே ஒரு பெரிய ஆக்சிஜன் சிலிண்டரையும் மழைக்காலம் தொடங்கும் முன்பே வீட்டில் வாங்கி வையுங்கள்.

வண்ணார்பேட்டைவாசி:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றே இருக்கிறது. வண்டியைப் பின்பக்கம் மேடாக இருக்கும் தென்னந்தோப்பில் நிறுத்த இடம் பார்த்துவிட்டோம். அங்கிருந்து வீட்டுக்கு 40 அடி. ஒரு ஐயம் மட்டும் மிச்சமிருக்கிறது. வண்டி ரப்பர் சக்கரத்தில் நிற்பதால் அதற்கு எர்த் தனியாக அடிக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற மின்வாரியப் பணியாளர்:

தனியாக வேண்டாம், அண்ணாச்சி. கேபிளை மூன்று கோர் உள்ளதாக வாங்கி, பச்சை வயரின் வழியாக வண்டியின் சேசிஸை (உலோகச் சட்டத்தை) வீட்டு எர்த்தோடு இணைத்துவிடுங்கள். ஜெனரேட்டரின் நியூட்ரல் அதன் சேசிஸோடு இணைந்திருக்கிறதா என்று ஒப்பந்ததாரர் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இணைந்திருந்தால்தான் கசிவு ஏற்படும்போது வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். வேலை முடிந்ததும் ஜெனரேட்டரை ஓட விட்டு ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை, ஃபிரிட்ஜும் மின்விசிறிகளும் ஓடும் சுமையோடு அரைமணி நேரம் இயக்கி வாருங்கள். மாதக்கணக்கில் சும்மா நின்ற பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்தால் தேவைப்படும் இரவில் ஜெனரேட்டர் கிளம்பாது.