பிபிஇ கிட்டை (கவுன், கையுறை, கண்ணாடி, மாஸ்க்னு இருக்கிற பாதுகாப்பு உடையை) கழற்றும்போதுதான் பயமா இருக்கு. சரியான வரிசை எது?

புது_நர்ஸ்:
கொரோனா வார்டுல டூட்டி போட்டிருக்காங்க. கிட் போடுறதை ஒரு தடவை செஞ்சு காட்டினாங்க. கழற்றுறதுக்குச் சுவர்ல ஒட்டின படம் மட்டும்தான். ஒரு சீனியர் முதல்ல கவுன்ங்கிறாங்க, இன்னொருத்தர் முதல்ல கையுறைங்கிறாங்க. டூட்டி முடியும்போது கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சு, பாத்ரூமை அடக்கி அடக்கி அடிவயிறு வலிச்சு, எப்படா கழற்றுவோம்னு இருக்கு. அந்த அவசரத்துல கை எங்க பட்டுச்சுன்னே தெரியலை. வீட்ல கைக்குழந்தை இருக்கு.

இன்னொண்ணு, எனக்குச் சின்ன முகம். என்95 மாஸ்க் போட்டு மூச்சு விட்டா காத்து கண்ணுக்கு ஏறுது. "ஒரே சைஸ்தான் இருக்கு, இறுக்கிக்கோ"ன்னு சொல்றாங்க. அது போதுமா?

ஐசியூ_அக்கா:
தங்கச்சி, பயப்பட வேண்டிய இடத்தைத்தான் நீ பிடிச்சிருக்கே. வார்டுக்குள்ள கவுன் முன்பக்கம், கையுறை, ஷீல்டு எல்லாத்துலயும் கிருமி இருக்குன்னே வெச்சுக்கோ. கிட் ஒழுங்கா இருக்கிற வரைக்கும் அது வெளியிலேயே நிக்கும். கழற்றுற அந்தச் சில நிமிஷத்துலதான் வெளிப்பக்கம் உன் தோலைத் தொட வழி கிடைக்குது.

சீனியர் ரெண்டு பேரும் தப்பாச் சொல்லலை. கையுறை, கண்ணாடி, கவுன், மாஸ்க்னு ஒரு வரிசை. கவுனையும் கையுறையையும் சேர்த்தே உருவிட்டு அப்புறம் கண்ணாடி, மாஸ்க்னு இன்னொண்ணு. ரெண்டையும் அமெரிக்காவோட நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஏத்துக்குது. ரெண்டுலயும் மாஸ்க்தான் கடைசி, அதுவும் நோயாளி அறையை விட்டு வெளிய வந்து கதவைச் சாத்தினப்புறம். உங்க வார்டுல ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணி எல்லாரும் அதையே செய்யணும். ஆளுக்கொரு வரிசைங்கிறதுதான் ஆபத்து.

கவுனை முதுகுப்பக்கம் சுருக்கு முடிச்சாப் போடு, ஒரே இழுப்புல வரணும். கெட்டி முடிச்சு விழுந்தா கை முதுகையும் கழுத்தையும் தடவிட்டு நிக்கும். தோள்ல இருந்து உருவி, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி சுருட்டிக்கிட்டே உடம்பை விட்டுத் தள்ளிப் பிடி. மணிக்கட்டுல டேப் ஒட்டுனா நுனியை மடிச்சு விடு, இல்லேன்னா அதைத் தேடிப் பிய்க்கும்போது கையுறை கிழியும். கண்ணாடியைப் பின்பட்டையைப் பிடிச்சு எடு. மாஸ்க்ல முதல்ல கீழ்ப்பட்டை, அப்புறம் மேல்பட்டை. முன்பக்கத்தைத் தொடவே கூடாது. கையுறையைக் கழற்றினதுமே கைக்கு சானிடைசர் போடு. நடுவுல கை எதுலயாவது பட்டுட்டா மறுபடியும் போடு. கடைசியில சோப்புப் போட்டுக் கழுவு.

இதெல்லாத்தையும் விட முக்கியம், தனியாக் கழற்றாதே. 2014-ல எபோலா நோயாளியைப் பார்த்துக்கிட்ட ரெண்டு நர்சுகளுக்கு அமெரிக்காவுல தொற்று வந்துச்சு. அதுக்கப்புறம்தான் எபோலா வார்டுல போடும்போதும் கழற்றும்போதும் பயிற்சி பெற்ற ஒருத்தர் கூடவே நின்னு, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுப் படிக்கணும்னு சிடிசி விதியை மாத்துச்சு. களைச்சுப்போன மூளையை நம்பி யாரையும் கிட் கழற்றுற டாஃபிங் அறைக்குள்ள விடக்கூடாது. நம்ம நிர்வாகங்கள் கிட் வாங்குறதுக்குக் காட்டுற அக்கறையை இதுல காட்டுறதில்லைங்கிறது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

கவுன் மேல மார்க்கர்ல உன் பேரைப் பெருசா எழுதிக்கோ. உள்ள படுத்திருக்கிறவங்களுக்கு நம்ம முகமே தெரியாதும்மா.

மயக்கமருந்து_டாக்டர்:
மாஸ்க் பற்றி மட்டும் சொல்கிறேன். இறுக்கினால் போதாது. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95% வடிகட்டும் என்பது துணி வழியாகப் போகும் காற்றுக்குத்தான். இடைவெளி வழியாகப் போகும் காற்றை எதுவும் வடிகட்டாது. உங்கள் கண்ணுக்குக் காற்று ஏறுகிறது என்றால் மூக்குப் பக்கம் கசிகிறது. கண்ணாடியில் ஆவி படிவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

மாஸ்க் முகத்தில் கசியாமல் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட் கேளுங்கள். தலைக்கு மேல் ஒரு மூடியைப் போட்டு, சாக்கரின் அல்லது கசப்புக் கரைசலை உள்ளே தெளிப்பார்கள். நாக்கில் சுவை தெரிந்தால் அந்த மாஸ்க் உங்களுக்கு ஆகாது. கிண்ண வடிவம் பொருந்தாத முகத்துக்கு மடிப்பு வகை பொருந்தலாம். அதுவரை இன்டியூபேஷன் (மூச்சுக்குழாயில் குழாய் போடுவது), சக்ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது) நடக்கும் இடத்துக்கு இந்த மாஸ்க்கோடு போக வேண்டாம். இன்சார்ஜிடம் தயங்காமல் சொல்லுங்கள், இது சலுகை கேட்பதல்ல.

ஆண்_செவிலியர்:
தாடி வெச்சிருக்கிற சகாக்களுக்கும் இதே கதைதான். மாஸ்க் விளிம்பு தோல்ல உட்காரணும், முடி மேல உட்கார்ந்தா கசியும். மூக்குத்தண்டு புண்ணாகுதுன்னு பிளாஸ்திரி ஒட்டுறவங்க, ஒட்டினப்புறம் கசிவு இருக்கான்னு மறுபடியும் பார்க்கணும்.

புது_நர்ஸ்:
ரொம்ப நன்றி. ஒரே மாஸ்க்கைத் திரும்பவும் போடச் சொல்றாங்க. ஸ்பிரிட் தெளிச்சு வெச்சுக்கலாமா?

மயக்கமருந்து_டாக்டர்:
கூடாது. அந்தத் துணியின் இழைகளில் நிலைமின்னேற்றம் இருக்கிறது, நுண்துகளை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். ஸ்பிரிட் பட்டால் அது போய்விடும். பார்க்கப் புதிதுபோல்தான் இருக்கும்.

ஐசியூ_அக்கா:
தட்டுப்பாடுன்னா ஒரே மாஸ்க்கைக் கழற்றாம நோயாளிக்கு நோயாளி போட்டுக்கிட்டே இருக்கிறது, கழற்றிக் கழற்றிப் போடுறதை விடப் பரவாயில்லை. கையே முகத்துக்குப் போகாது பாரு. கழற்றித்தான் ஆகணும்னா பேர் எழுதின காகிதப் பையில வை, பிளாஸ்டிக் வேண்டாம். ஈரமானாலோ, பட்டை தளர்ந்தாலோ, ரத்தம் சளி தெறிச்சாலோ அதைத் தூக்கிப் போடு.

புது_நர்ஸ்:
இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட பேசிட்டேன். மடிப்பு வகை மாஸ்க் ஸ்டோர்ல இருந்திருக்கு, யாரும் கேட்கலையாம். போட்டுப் பார்த்தேன், கண்ணுக்குக் காத்து வரலை. ஃபிட் டெஸ்டுக்கும் எழுதிக் கொடுத்திருக்கேன். கூட நிக்க ஆள் இன்னும் போடலை. நானும் எதிர் ஷிஃப்ட் சிஸ்டரும் ஒருத்தருக்கொருத்தர் நிக்கலாம்னு பேசியிருக்கோம்.

ஐசியூ_அக்கா:
நல்லது. ஆனா படிகள் எழுதின அட்டையைக் கையில வெச்சுப் பார்த்துப் படிக்கச் சொல்லு, மனப்பாடமாச் சொல்ல வேண்டாம். அவங்க அடுத்த படியைச் சொல்ற வரைக்கும் உன் கை நகரக்கூடாது.