மெட்டராசி: டிஃபெண்டராக எந்தெந்த கிளப், பிளேயர்-மேனேஜராகச் சென்னையில் என்ன நடந்தது?

கார்னர்கொடி கேட்டது:

இத்தாலிய டிஃபெண்டர் மார்கோ மெட்டராசியின் கிளப் வாழ்க்கையை வரிசையாகத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறேன். பெருஜியா என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, எத்தனை முறை அங்கே போய் வந்தார்? ஒரே சீசனில் 12 கோல் அடித்தார் என்கிறார்களே, சென்டர் பேக்குக்கு அது எப்படிச் சாத்தியம்?

அடுத்தது இன்னும் முக்கியம். 2014 ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) சென்னையின் எஃப்சிக்கு அவர் பிளேயர்-மேனேஜர், அதாவது ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருப்பவர். அவரே களத்தில் நிற்கும்போது ஆள் மாற்றத்தை யார் முடிவு செய்வது? வெளிநாட்டு வீரர் கணக்கில் அவரும் சேருவாரா? சிவப்பு கார்டு வாங்கினால் கோச் வேலையும் போய்விடுமா? முதல் சீசனில் அட்டவணையில் முதலிடம் பிடித்தும் கோப்பை வரவில்லை. அடுத்த சீசனில் அவர் ஆடவே இல்லை, கோப்பை வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

---

லிபெரோ_5:

கிளப் கணக்கை நான் சொல்கிறேன். சென்னை விஷயத்தை மற்றவர்கள் விரிவாக எழுதுவார்கள்.

1973 ஆகஸ்ட் 19 அன்று லெச்சேயில் பிறந்தவர். அப்பா ஜூசெப்பே மெட்டராசியும் கோச்தான். ஆனால் மகன் நேராகப் பெரிய அணிக்குப் போகவில்லை. சிசிலியில் மார்சாலா, பிறகு த்ராபானி என்று கீழ் டிவிஷன்களில்தான் தொடக்கம். 1995இல் பெருஜியா. அங்கிருந்து 1996-97இல் கார்ப்பிக்கு லோன், பிறகு மறுபடி பெருஜியா. 1997-98 சீரி பி (இத்தாலியின் இரண்டாம் டிவிஷன்) சீசன் முடிவில் பெருஜியா பிளே-ஆஃபில் டொரினோவை பெனால்ட்டியில் வென்று முதல் டிவிஷனான சீரி ஏவுக்கு ஏறியது. அந்தக் கோடையிலேயே மெட்டராசி இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

எவர்ட்டனில் 1998-99 ஒரே சீசன். மேனேஜர் வால்டர் ஸ்மித். 27 லீக் ஆட்டம், 1 கோல். அங்கே பிரச்சினை சிவப்பு கார்டு. இத்தாலியில் மூன்று டிஃபெண்டர் வரிசையில் ஒருவர் பாய்ந்தால் பின்னால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும். இங்கிலாந்தின் நால்வர் வரிசையில், வேகமான ஸ்ட்ரைக்கருக்கு எதிரே அதே பாய்ச்சல் அரை நொடி தாமதித்தாலும் ஃபவுல்தான். 1.93 மீட்டர் உயரமுள்ளவர் தாமதமாக டேக்கிள் போட்டால் ரெஃபரி கண்ணுக்கு இன்னும் மோசமாகத் தெரியும்.

1999இல் மீண்டும் பெருஜியா. ஆக, லோனைக் கழித்துப் பார்த்தால் அந்த கிளப்பில் இரண்டு தனித்தனிக் காலம்.

12 கோல் உண்மைதான். 2000-01, கோச் செர்சே கோஸ்மி. 1985-86இல் ஃபியோரெண்டினாவுக்காக டேனியல் பாஸரெல்லா அடித்த 11 கோல்தான் அதுவரை சீரி ஏவில் ஒரு டிஃபெண்டரின் உச்சம். அதை மெட்டராசி தாண்டினார். எப்படி என்றால், பெனால்ட்டி அவர் அடிப்பார், இடது காலால் ஃப்ரீ கிக் அடிப்பார், கார்னருக்கு மேலே போய்த் தலையால் முட்டுவார். மூன்று வழியும் ஒரே ஆளிடம் இருக்கும் டிஃபெண்டர் அபூர்வம். பொதுவாக சென்டர் பேக்குக்கு மூன்றாவது வழி மட்டும்தான் திறந்திருக்கும்.

2001 முதல் 2011 வரை இன்டர் மிலான், 23ஆம் எண் சட்டை. அந்தப் பத்து ஆண்டுகளில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வந்தன. 2002 மே 5 அன்று கடைசி ஆட்டத்தில் லாட்சியோவிடம் 4-2 தோற்று லீக்கை இழந்த அணியில் இருந்தார். 2004 பிப்ரவரியில் சியேனாவின் புருனோ சிரில்லோவைத் தாக்கியதற்காக இரண்டு மாதத் தடை. 2007 ஏப்ரல் 22 அன்று அதே சியேனாவின் மைதானத்தில் இரண்டு கோல் அடித்து 2-1 வெற்றியுடன் லீக்கை உறுதி செய்தார். அடுத்த ஆண்டு மே மாதம், மறுபடி சியேனாவுக்கு எதிராக 2-2 ஆன ஆட்டத்தில், லீக்கை முடித்திருக்க வேண்டிய பெனால்ட்டியைத் தவறவிட்டார். ஒரே எதிரணி, மூன்று முகம்.

மூரின்யோ கோச்சாக இருந்த காலத்தில், குறிப்பாக 2009இல் லூசியோ வந்தபின், லூசியோ-சாமுவேல் ஜோடிதான் முதல் தேர்வு. மெட்டராசி பெரும்பாலும் பெஞ்ச். 2010 மே 22 மாட்ரிட் இறுதிப் போட்டியில் கூடுதல் நிமிடத்தில் மிலிட்டோவுக்குப் பதிலாக இறங்கினார். அதனால் சாம்பியன்ஸ் லீக் பதக்கத்துடன் அந்த இறுதியில் ஆடிய பெருமையும் உண்டு.

2011இல் இன்டரை விட்டார். அடுத்த மூன்று வருடம் எந்த அணிக்கும் ஆடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், சென்னைக் கதைக்கு இது தேவை.

---

ஆறாவது_இடம்:

பிளேயர்-மேனேஜர் நடைமுறைக்கு வருகிறேன். என் கருத்தில் 2014ஐப் புரிந்துகொள்ள ஒரே ஒரு எண்ணைப் பிடித்தால் போதும்: ஆறு.

அந்த ஐஎஸ்எல் விதிப்படி ஒரே நேரத்தில் களத்தில் அதிகபட்சம் 6 வெளிநாட்டு வீரர்கள். குறைந்தது 5 இந்தியர்கள். மேனேஜர் என்பதற்காக மெட்டராசிக்குத் தனிச் சலுகை கிடையாது. அவர் சட்டை மாட்டி இறங்கினால் ஆறில் ஒன்று போச்சு. பெஞ்ச் ஓரத்தில் நின்றால் அந்த இடம் வேறொருவருக்கு.

இப்போது அணியைப் பாருங்கள். கோல் கீப்பர் ஜென்னாரோ பிராசிலியானோ வெளிநாட்டவர். தாக்குதலில் எலானோ, மென்டோசா. நடுவில் பெலிசாரி. பின்னால் சில்வெஸ்டர், பெர்னார்ட் மெண்டி. எண்ணிப் பாருங்கள், ஆறு முடிந்துவிட்டது. மெட்டராசி இன்னும் உள்ளே வரவில்லை. சீசனின் பிற்பகுதியில் அலெஸாண்ட்ரோ நெஸ்டாவும் வந்து சேர்ந்தார். ஆக, தன்னை அணியில் போட வேண்டுமென்றால் மேற்சொன்ன ஒருவரை மேனேஜரே உட்கார வைக்க வேண்டும். வழிகள் இரண்டு: இந்தியக் கோல் கீப்பரைப் போட்டு ஒரு இடம் மிச்சப்படுத்துவது (ஷில்டன் பால் இருந்தார்), அல்லது ஒரு தாக்குதல் வீரரை விடுவது. அந்த சீசனில் 8 கோல் அடித்து, அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்கிய எலானோவை யார் உட்கார வைப்பார்? அதனால்தான் மெட்டராசி எல்லா ஆட்டத்திலும் இறங்கவில்லை.

ஆள் மாற்றத்திலும் இந்தக் கணக்கு துரத்தும். அப்போது மூன்றே மாற்றம். களத்தில் ஆறு வெளிநாட்டவர் இருந்தால், இந்தியரை எடுத்துவிட்டு வெளிநாட்டவரை அனுப்ப முடியாது. வெளிநாட்டவருக்கு வெளிநாட்டவர், அல்லது வெளிநாட்டவருக்கு இந்தியர். 70ஆவது நிமிடத்தில் 41 வயது சென்டர் பேக்கின் கால் தளர்ந்தால் அதற்கு ஒரு மாற்றம் செலவு. மீதி இரண்டில்தான் ஆட்டத்தின் போக்கை மாற்ற வேண்டும்.

யார் முடிவு செய்வது என்று கேட்டீர்கள். பிளேயர்-மேனேஜர் வைத்திருக்கும் எந்த அணியிலும் வேலை இப்படித்தான் நடக்கும்: ஆட்டத்துக்கு முன்பே உதவி கோச்சுடன் உட்கார்ந்து, முன்னிலையில் இருந்தால், சமனில் இருந்தால், பின்தங்கினால் என்று மூன்று நிலைக்கும் எத்தனையாவது நிமிடத்தில் யார் வெளியே, யார் உள்ளே என்று எழுதி வைத்துவிடுவார்கள். களத்தில் இருப்பவர் சைகை காட்டுவார். மாற்றத்தை நான்காவது நடுவரிடம் சொல்லி நடத்துவது பெஞ்ச். இதில் பெரிய ஓட்டை, களத்திலிருக்கும் மேனேஜருக்கு ஆட்டத்தின் அகலம் தெரியாது. சென்டர் பேக்குக்கு முன்னால் நடப்பதெல்லாம் தெரியும், அதனால்தான் ஸ்ட்ரைக்கரைவிட டிஃபெண்டருக்கு இந்தப் பதவி கொஞ்சம் பொருந்தும். ஆனால் எதிரணி விங்கர் தன் ஃபுல் பேக்கை எத்தனை முறை தனியாகச் சந்திக்கிறான் என்பதை ஓரத்திலிருந்து பார்ப்பவன்தான் எண்ணிச் சொல்ல முடியும். தன் ஆளை விட்டு அங்கே பார்வையைத் திருப்பினால் பின்னால் ஓட்டம் கிளம்பிவிடும்.

சிவப்பு கார்டு விஷயம் கடுமையானது. வெளியேற்றப்பட்ட வீரர் களத்தின் அருகிலோ டெக்னிக்கல் ஏரியாவிலோ (பெஞ்சுக்கு முன்னால் கோச் நிற்கும் இடம்) இருக்கக் கூடாது. எனவே பிளேயர்-மேனேஜர் சிவப்பு வாங்கினால் அணி ஒரு டிஃபெண்டரையும், அதே நொடியில் மேனேஜரையும் இழக்கிறது. மெட்டராசியின் பழைய கணக்கைத் தெரிந்த யாருக்கும் இது சின்ன ஆபத்தில்லை.

---

கார்னர்கொடி:

அருமை, நன்றி. "ஆறு" கணக்கு இப்போதுதான் தெளிவானது. 41 வயதில் அவர் நின்றால் அணியின் உருவம் என்ன ஆகும்? வரிசை பின்னால் போய்விடாதா?

---

ஆறாவது_இடம்:

போகும். ஓட்டப் பந்தயத்தில் தோற்பேன் என்று தெரிந்த சென்டர் பேக் பின்னால் இடம் விடமாட்டார், வரிசையை ஐந்து பத்து மீட்டர் கீழே இறக்குவார். நடுக்களமும் சேர்ந்து இறங்காவிட்டால் இரண்டு வரிசைக்கும் நடுவே எதிரணி பந்தை வாங்கித் திரும்ப இடம் கிடைத்துவிடும். நடுக்களமும் இறங்கினால் பந்தை வென்ற பிறகு எதிர் கோலுக்குத் தூரம் அதிகம். மென்டோசா மாதிரி வேகமானவர் முன்னால் இருந்தால்தான் அது பலிக்கும். மேலும் அந்த சீசன் அக்டோபர் 12 முதல் டிசம்பர் 20 வரைதான். அதற்குள் 14 லீக் ஆட்டம், அரையிறுதி இரண்டு, இறுதி. சராசரியாக நான்கைந்து நாளுக்கு ஓர் ஆட்டம், நடுவே விமானப் பயணம். மூன்று வருடம் ஆடாத தசைக்கு மீள்வதற்கான நேரமே இல்லை.

---

வடக்கு_ஸ்டாண்டு:

2014இல் முதலிடம் பிடித்தும் கோப்பை வரவில்லை என்றீர்கள். அது நழுவியது லீக் கட்டத்தில் இல்லை. முதல் ஆட்டமே கோவாவில் 2-1 வெற்றி, பல்வந்த் சிங்கும் எலானோவும் அடித்தார்கள். 14 ஆட்டத்தில் 23 புள்ளி, முதலிடம்.

நழுவியது கொச்சியில், ஒரே இரவில். டிசம்பர் 13, அரையிறுதி முதல் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸ் 3-0. மூன்று நாள் கழித்து நேரு ஸ்டேடியத்தில் அந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்தார்கள்: சில்வெஸ்டர், கேரளாவின் ஜிங்கான் அடித்த சொந்தக் கோல், கடைசி நிமிடத்தில் ஜெஜே. இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-3 ஆகிக் கூடுதல் நேரம் போனது. 117ஆவது நிமிடத்தில் கேரளாவின் ஸ்டீஃபன் பியர்சன் அடித்த கோலில் எல்லாம் முடிந்தது. அந்த ஆட்டத்தைத் தோல்வி என்று எழுதவே கை வரவில்லை.

2015இல் மெட்டராசி ஓரத்தில் மட்டும். எலானோ, மென்டோசா, பெலிசாரி, மெண்டி தங்கினார்கள். பின்வரிசைக்கு மைல்சன் ஆல்வெஸ், பொட்டென்ஸா மாதிரி ஓடக்கூடிய ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டு இடங்களில் ஒன்றுகூட மேனேஜருக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் அதனால்தான் கோப்பை வந்தது என்று சொன்னால் அவசரம். பத்து ஆட்டம் முடிந்தபோது அணி கடைசி இடத்தில் இருந்தது! கடைசி நான்கையும் வென்று 22 புள்ளியுடன் உள்ளே நுழைந்தது. வெள்ளத்தால் அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டம் புனேவுக்கு மாறியது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். கொல்கத்தாவில் 2-1 தோற்றும் கடந்தார்கள். டிசம்பர் 20, ஃபட்டோர்டா இறுதியில் 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 முன்னிலை. 90இல் கோவா கீப்பர் கட்டிமணியின் சொந்தக் கோல், இஞ்சுரி டைமின் இரண்டாம் நிமிடத்தில் மென்டோசா. 3-2. மென்டோசா அந்த சீசனில் 13 கோல்.

என் கணிப்பு: வித்தியாசம் செய்தது மென்டோசா. மெட்டராசி ஆடாதது உதவியது, அவ்வளவே. 2016இல் மென்டோசா இல்லை, மெட்டராசியும் ஆடவில்லை, அணி ஏழாவது இடம். 2017 மார்ச்சில் விலகினார்.

---

பின்கோடு_4:

லிபெரோ எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். இன்டரின் ஐந்து லீக் பட்டங்கள் என்று அவர் பெயருக்கு நேரே போடும்போது 2005-06 பட்டம் கால்ச்சோபோலி (ரெஃபரி நியமன முறைகேடு) விசாரணைக்குப் பின் கொடுக்கப்பட்டது என்பதைப் பிரித்து எழுதுங்கள். களத்தில் வென்றவை 2007 முதல் 2010 வரை நான்கு.

ஒப்பிட இன்னொரு டிஃபெண்டர் வேண்டுமென்றால் வின்சென்ட் கொம்பனி. 2019 மே 18 அன்று மான்செஸ்டர் சிட்டிக்கு எஃப்ஏ கோப்பை, மறுநாளே பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்டின் பிளேயர்-மேனேஜர் என்று அறிவிப்பு, மூன்றாண்டு ஒப்பந்தம். முதல் நான்கு லீக் ஆட்டத்தில் 2 புள்ளி. ஆகஸ்ட் 22 அன்றே ஆட்ட நாள் பொறுப்பு சைமன் டேவிஸிடம் போனது. ஆட்ட நாளில் கொம்பனி கேப்டன் மட்டும். அக்டோபரில் ஃபிராங்கி வெர்கோட்டரன் தலைமைக் கோச்சாக வந்தார். 2020 ஆகஸ்ட் 17 அன்று ஆடுவதை நிறுத்திய பிறகுதான் கொம்பனி முழுக் கோச் ஆனார்.

ஒப்பிட்டால் மெட்டராசியின் 2014 ஒன்றும் மோசமில்லை. கொம்பனி அப்போது 33 வயது, அணிக்கு முதல் தேர்வு டிஃபெண்டர்; அதனால் வாரம்தோறும் இரண்டு வேலையும் மோதின. மெட்டராசி ஆடுவதைத் தேவைப்பட்டபோது மட்டும் வைத்துக்கொண்டதால் மோதல் குறைவு.

---

லிபெரோ_5:

திருத்தம் சரி, நன்றி. நெஸ்டா பெயர் வந்ததால் ஒரு விஷயம். 2006 ஜூன் 22, ஹாம்பர்க், செக் குடியரசுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டம்: நெஸ்டா அடிபட்டு வெளியே போனபோது உள்ளே இறங்கியவர் மெட்டராசி. இறங்கிய சில நிமிடத்திலேயே கோல். சிவப்பு கார்டு தடையால் காலிறுதியை மட்டும் தவறவிட்டார்; மற்றபடி அந்த இடம் அவருடையதானது, இறுதியிலும் சமன் கோல் அடித்தார். எட்டு வருடம் கழித்து, ஓய்வில் இருந்த நெஸ்டா அவர் பொறுப்பிலிருந்த அணிக்கு ஆடச் சென்னை வந்தார். அந்த ஆறு இடங்களில் ஒன்றில் இம்முறை நெஸ்டா.