பாப் ஆர்ட்: சூப் டப்பாவில் அப்படி என்ன இருக்கிறது?

கோடுபுள்ளி:
டிசைன் முதல் வருடம் படிக்கிறேன். போன வாரம் வகுப்பில் பாப் ஆர்ட் பற்றி, அதாவது விளம்பரம், காமிக்ஸ், கடைச் சாமான் இதையெல்லாம் ஓவியமாக்கிய கலை பற்றிப் பேசும் முறை எனக்கு. "ஆண்டி வார்ஹோல் 1962-ல் ஆரம்பித்துவைத்தார்" என்று வாயைத் திறந்ததுமே பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்போ லண்டன்?" என்றாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கேதான் தொடங்கியது? கூடவே ஒரு மக்குக் கேள்வி: வார்ஹோல் 32 சூப் டப்பாவை வரிசையாக வரைந்ததில் என்ன பெருமை?

மைக்கறை:
அந்தப் பெண் சொன்னது சரிதான் தம்பி. 1952-ல் லண்டனில் இன்டிபென்டன்ட் குரூப் என்று சிலர் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். போர் முடிந்து ஏழு வருடமாகியும் அங்கே இறைச்சிக்கு ரேஷன். அந்த நேரத்தில் அவர்களில் ஒருவரான எடுவார்டோ பாவ்லோஸி அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். 1947-லேயே அவர் பத்திரிகைத் துண்டுகளை வெட்டி ஒட்டிய கொலாஜ் ஒன்றில் துப்பாக்கிப் புகைக்குள் 'பாப்!' என்று இருக்கும். 1956-ல் அதே குழுவின் ரிச்சர்ட் ஹாமில்டன் செய்த கொலாஜில் ஒரு பயில்வான், கையில் பெரிய லாலிபாப், அதிலும் அதே சொல். பசியோடு கடைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கிறவன் பார்வை அது. ஆசையும் இருக்கும், நக்கலும் இருக்கும்.

அமெரிக்காக்காரர்களோ கடைக்குள்ளேயே வேலை பார்த்தவர்கள். வார்ஹோல் செருப்பு விளம்பரம் வரைந்து பேர் வாங்கியவர். ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் டைம்ஸ் ஸ்கொயரில் சாரம் ஏறி விளம்பரப் பலகை வரைந்தவர்.

சூப் டப்பாவை ஸ்கிரீன் பிரிண்ட், அதாவது துணித்திரை வழியே மை தள்ளி அடித்த அச்சு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கைவேலைதான், ஒரு சுவைக்கு ஒரு கித்தான். 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபெரஸ் கேலரியில் மளிகைக் கடை மாதிரி தட்டில் அடுக்கிவைத்தார்கள். செட் பிரியக் கூடாதென்று கேலரிக்காரர் இர்விங் ப்ளம் 32-ஐயும் 1,000 டாலருக்குத் தானே வாங்கிக்கொண்டார், அதுவும் தவணையில்.

ஸ்கிரீன் அதற்கப்புறம். இங்கேதான் எனக்குப் பேச உரிமை உண்டு, பதினெட்டு வருடமாக ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் இருக்கிறேன். சேர்ந்த முதல் மாதம் 200 துணிப்பைகளில் சிவப்பை ஒரு நூல் தள்ளி அடித்துவிட்டேன். முதலாளி அத்தனையையும் மூலையில் வீசினார். அன்றைக்கு ராத்திரிதான் நடிகை மரிலின் மன்றோவை வைத்து வார்ஹோல் செய்த 'மரிலின் டிப்டிக்' என்ற இரட்டைப் படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். 50 முகம். இடப்பக்கம் வண்ணம், வலப்பக்கம் கறுப்பு. உதட்டுச் சிவப்பு உதட்டில் நிற்கவில்லை. வலப்பக்கத்தில் ஒரு வரிசையில் மை அப்பிக் கண்ணே தெரியவில்லை, அப்புறம் வெளிறி வெளிறிக் கடைசியில் முகமே கரைகிறது. எங்கள் பட்டறையில் கழிவு. அவரோ மரிலின் இறந்த சில வாரத்தில் இதை அடித்து அப்படியே விட்டிருக்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழையபேப்பர்:
எல்லாம் சரி அண்ணா, காமிக்ஸ் கட்டங்களைப் பெரிய ஓவியமாக்கிய ராய் லிக்டன்ஸ்டைனை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1963-ல் அவர் வரைந்த 'வாம்!' ஒரு போர் காமிக்ஸின் கட்டத்திலிருந்து வந்தது. அசல் வரைந்தவர் இர்வ் நோவிக். லிக்டன்ஸ்டைன் படத்தை 1966-லேயே லண்டன் டேட் அருங்காட்சியகம் வாங்கிவிட்டது. நோவிக் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவன் கை அது.

மைக்கறை:
வேண்டுமென்றே விடவில்லை தம்பி, ஆனால் நீங்கள் சொல்வது வலிக்கிற விஷயம்தான். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964-ல் வார்ஹோல் மரப்பெட்டி செய்து அச்சடித்த பிரில்லோ (பாத்திரம் தேய்க்கும் நார்) டப்பா இருக்கிறதே, அசல் அட்டைப்பெட்டியை வடிவமைத்த ஜேம்ஸ் ஹார்வியும் ஓவியர். பிழைப்புக்கு டப்பா, மனசுக்கு அரூப ஓவியம். லிக்டன்ஸ்டைன் கோட்டையும் கட்டத்தையும் மாற்றியிருக்கிறார், வெறும் நகல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயரைச் சொல்லியிருக்கலாம். இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை: பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் எடுத்த புகைப்படத்தை வைத்து வார்ஹோல் செய்த படத்தைப் பத்திரிகைக்கு உரிமம் கொடுத்த விவகாரத்தில், 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று புகைப்படக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது.

கோடுபுள்ளி:
இருவருக்கும் நன்றி அண்ணா. இப்போதுதான் போனில் 'பாப் ஆர்ட்' ஃபில்டர் போட்டு என் முகத்தை நாலு நிறத்தில் பார்த்தேன். உதட்டுச் சிவப்பு இம்மி பிசகாமல் உதட்டிலேயே இருக்கிறது. ஏதோ பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சாயம் பூசியது போல.

மைக்கறை:
லேயராகப் பிரிக்க முடிந்தால் சிவப்பை மட்டும் ஒரு நூல் வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே போடுங்கள்.