புதுக் குழாய் மாட்டியதிலிருந்து எல்போவில் தண்ணீர் கசிகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். குளியலறையில் புதுக் குழாய் மாட்டிய பிறகு, அது திருகி உட்காரும் எல்போ என்ற வளைவு மூட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. குழாயின் மரையில் டெஃப்லான் டேப்பைக் கூடுதலாகச் சுற்றினேன். மேலே எப்பாக்சிப் பசையும் பூசினேன். கொஞ்ச நாள் நின்றது, இப்போது மறுபடி ஒழுகுகிறது. பைப் சுவருக்கு வெளியேதான் ஓடுகிறது. உதவுங்கள்.

பதில்:
சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை சார். பூசியதைச் சுரண்டிவிட்டு, எல்போவை நன்றாகத் துடைத்து, டிஷ்யூ காகிதத்தால் ஒவ்வொரு இடமாக ஒற்றிப் பாருங்கள். மரை வாயில் ஈரம் என்றால் டேப் சரியாகப் பிடிக்கவில்லை. எல்போவின் உடம்பில் ஈரம் என்றால் விரிசல்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். மரை வாயிலிருந்து எல்போவின் உடம்பில் மெல்லிய கீறல் மாதிரி கோடு ஒன்று கீழே ஓடுகிறது, ஈரம் அதில்தான். பைப் வெளிர் மஞ்சள் நிறம், வெந்நீர் லைன்.

பதில்:
அப்படியானால் விரிசல்தான். பிளாஸ்டிக் மரைக்குள் டேப்பைத் தடிமனாகச் சுற்றி இறுக்கினால், குழாயின் மரை ஆப்பு மாதிரி உள்ளே போய் எல்போவைப் பிளந்துவிடும். இதற்கு மேல்பூச்சு நிலைக்காது. வெந்நீர் லைன் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். எல்போவை மாற்றிவிடுங்கள்.

பைப் மேல் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் வகை, CPVC) என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் எல்போ, கப்ளர் (இரண்டு பைப்பை இணைக்கும் துண்டு), சால்வென்ட் சிமென்ட் (பைப் ஒட்டும் பசை) எல்லாமே சிபிவிசிக்கானதாக வாங்குங்கள். சிபிவிசி 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். சாதாரண பிவிசி 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். எல்போவில் உள்மரை பித்தளையாக இருக்கட்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பைப்பை நேராக அறுத்து, பிசிறை நீக்கி, முதலில் ஒட்டாமல் பொருத்திப் பார்த்துக் குறி போடுங்கள். சிமென்ட் தடவியதும் கால் சுற்று திருப்பிக் குறியில் நிறுத்தி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிடித்த பிறகு கோணத்தை மாற்ற முடியாது.

கேட்டவர்:
மிக்க நன்றி சார். ஆனால் வால்வை மூடினாலும் லைனில் கொஞ்சம் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. ஈரத்தில் ஒட்டுமா?

இன்னொருவர் பதில்:
ஒட்டாது. அதே லைனில் தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்து வையுங்கள், கசிவு அந்தப் பக்கம் போய்விடும். அப்படியும் நிற்கவில்லையென்றால் தொட்டியைக் காலி செய்துவிட்டு ஒட்டுவதுதான் நல்லது.

காயும் நேரம் சிமென்ட் டப்பாவிலேயே இருக்கும். நான் ஓர் இரவு முழுக்க விட்டுவிடுவேன். அப்புறம் டேப்பை மரை ஏறும் திசையில் சுற்றிக் குழாயை மாட்டி, அதைத் திறந்து வைத்தபடி வால்வை மெதுவாகத் திறங்கள், காற்று வெளியேறட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: வேலை தொடங்கும் முன்பே கீசர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை அதைப் போடாதீர்கள். உள்ளே தண்ணீர் இல்லாமல் சூடானால் ஹீட்டர் சுருள் கருகிவிடும்.