ஹாலோவீன் ஜிஞ்சர்பிரெட் வீடு: சுவரை ஐசிங்கால் ஒட்டுவதா, க்ளூ கன்னாலா?

எடிசன்_அம்மா:
போன அக்டோபரில் கடையில் ஒரு ஹாலோவீன் ஜிஞ்சர்பிரெட் வீட்டு கிட் வாங்கினேன், இஞ்சியும் மசாலாவும் போட்ட பிஸ்கட்டால் கட்டுகிற வீடு. சுவர், கூரை எல்லாம் சுட்டே வரும். கூடவே ஒரு பை கறுப்பு ஐசிங், ஆரஞ்சு மிட்டாய்கள், சர்க்கரைக் கண்கள். சுவரை நிறுத்தி, கூரையை வைத்து, பிள்ளைகள் மிட்டாய் ஒட்ட ஆரம்பித்ததும் கூரையின் இரண்டு பலகையும் மெதுவாக வழுக்கி இறங்கின. சின்னவன் கையில் மிட்டாய்ப் பூசணியோடு அழுத அழுகையை இன்னும் மறக்க முடியவில்லை. இந்த வருடம் முந்தின இரவே க்ளூ கன்னால் (சூடான பசை பிழியும் துப்பாக்கி) ஒட்டி வைத்துவிட்டு, அலங்காரத்தை மட்டும் பிள்ளைகளிடம் விடலாம் என்றிருக்கிறேன். என் கணவர் "அது ஏமாற்று வேலை" என்கிறார். அப்படியா?

இஞ்சிமுரப்பா:
ஏமாற்று வேலைதான், கோபிக்காதீர்கள். வட கரோலினாவின் ஆஷ்வில்லில் 1992 முதல் ஜிஞ்சர்பிரெட் வீட்டுப் போட்டி நடக்கிறது. அங்கே முதல் விதியே, எல்லாம் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான். போட்டியை விடுங்கள். க்ளூ கன்னில் உருகி வருவது பிளாஸ்டிக். பார்த்தால் ஐசிங் சொட்டு மாதிரியே இருக்கும். நாலு வயதுப் பிள்ளை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளாது என்று யார் உத்தரவாதம் தருவது?

உங்கள் கூரை வழுக்கியதற்கு அவசரம்தான் காரணம். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஐசிங் சுகர், மூன்று மேசைக்கரண்டி மெரிங் பவுடர் (முட்டை வெள்ளைக்கருப் பொடி), ஐந்தாறு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். ஏழிலிருந்து பத்து நிமிடம் அடித்தால் பளபளப்பு போய், கரண்டியைத் தூக்கும்போது மூக்கு மாதிரி நிற்கும். இதைத்தான் ராயல் ஐசிங் என்பார்கள், அதுதான் சுவர் ஒட்டும் பதம். பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அந்தப் பதம் வராது. சுவர்களுக்கு உள்ளே நாலு பருப்பு டப்பாவை முட்டுக் கொடுத்து, சில மணி நேரம் காய விட்டு, அப்புறம் கூரை. கூரைக்கு அடியிலும் டப்பா வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

சும்மா_படிப்பவன்:
ஒரு ராத்திரியா? வேலை முடிந்து வீட்டுக்கு வரவே ஏழு மணி ஆகிறது சார். மூன்று வாரம் அடுப்படி மேடையில் தூசி படிந்து நிற்கிற வீட்டை யார் சாப்பிடப் போகிறார்கள்? நவம்பர் முதல் தேதி அது குப்பைக்குத்தான் போகும். கொலு பொம்மையை யாராவது கடித்துப் பார்ப்பார்களா? அதே மாதிரிதான் இதுவும். க்ளூ கன் போடுங்கள் அக்கா, நிம்மதி.

ஸ்கார்பரோ_ரதி:
நானும் க்ளூ கன் கட்சி. இலங்கையில் எங்கள் கலியாணங்களில் மேடையில் நிற்கும் அடுக்குக் கேக்கைப் பார்த்திருப்பீர்கள். அதை 'ஸ்ட்ரக்சர்' என்போம். உள்ளே பெரும்பாலும் ரெஜிஃபோம் (தெர்மோகோல்), மேலேதான் ராயல் ஐசிங். என் பெரியம்மா ஐசிங் பூக்களை ஒவ்வொன்றாக மெழுகுத் தாளில் பையால் பிழிந்து பைப் பண்ணி, காய வைத்து, சாமணத்தால் (சின்ன இடுக்கி) எடுத்து அந்த ரெஜிஃபோமில் ஒட்டுவார். ஒரு பூவுக்கு ஐந்து இதழ், ஐந்தாவது இதழ் முதல் இதழுக்குக் கீழே போக வேண்டும். அதை ஏமாற்று என்று ஒருவரும் சொன்னதில்லை. திறமை மேலேதான் இருக்கிறது, உள்ளே என்ன இருந்தால் என்ன?

இஞ்சிமுரப்பா:
ரதி அக்கா, அந்தக் கலியாணத்தில் வந்தவர்கள் கையில் சின்னப் பெட்டியில் நிஜக் கேக் துண்டு கொடுத்து அனுப்பினீர்களே, அதைச் சொல்லவில்லையே! பார்க்க ஒன்று, தின்ன ஒன்று என்று உங்கள் ஊரில் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இங்கே பிள்ளை கையில் இருப்பது ஒரே வீடு.

ஸ்கார்பரோ_ரதி:
சரி, அது நியாயம். அந்தத் துண்டை மறந்துதான் போனேன்.

பழைய_பெருங்காயம்:
எனக்கு வேறு சந்தேகம். ஜிஞ்சர்பிரெட் வீடு கிறிஸ்துமஸ் சமாச்சாரம் இல்லையா? பனிக்குப் பதில் சிலந்தி வலை போட்டு அக்டோபரிலும் விற்கிறார்கள், அவ்வளவுதான்.

இஞ்சிமுரப்பா:
இதில் மட்டும் நான் ஹாலோவீன் பக்கம். கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட ஹான்சல், கிரெட்டல் கதையில் காட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ரொட்டிச் சுவர், கேக் கூரை, சர்க்கரை ஜன்னல். அதைக் கட்டி வைத்தது பிள்ளை பிடித்துத் தின்னும் சூனியக்காரி. ஜிஞ்சர்பிரெட் வீட்டைப் பார்த்ததும் எல்லாரும் நினைப்பது அந்தக் கதையைத்தான். ஜெர்மன் இசையமைப்பாளர் ஹம்பர்டிங்க் அதை ஓபராவாக்கி (பாட்டு நாடகம்) 1893 டிசம்பர் 23 அன்று ஜெர்மனியின் வைமாரில் மேடையேற்றினார், அது கிறிஸ்துமஸ் காலத்து ஓபராவாகவே நிலைத்துவிட்டது. ஆனால் சூனியக்காரி வீட்டுக்கு ஹாலோவீன் நாளான அக்டோபர் 31-ஐ விடப் பொருத்தமான நாள் எது?

பழைய_பெருங்காயம்:
2024-ல் அதே நாளில்தான் தீபாவளி. எங்கள் வீட்டில் ஒரு கையில் முறுக்கு அச்சு, மறு கையில் பைப்பிங் பை. சரி, கறுப்பு ஐசிங் ரகசியம் என்ன? எவ்வளவு கலர் ஊற்றினாலும் எனக்குச் சாம்பல் நிறம்தான் வருகிறது.

ஸ்கார்பரோ_ரதி:
வெள்ளையில் தொடங்காதீர்கள். கொஞ்சம் கோகோ போட்டு முதலில் பழுப்பாக்கி, அப்புறம் கறுப்பு ஜெல் கலர். திரவக் கலர் வேண்டாம், ஐசிங் இளகிவிடும். கோகோவையும் அள்ளிக் கொட்டாதீர்கள், அதிலும் கொழுப்பு உண்டு. கலந்ததும் சாம்பலாக இருந்தாலும் கவலை இல்லை, மூடி வைத்தால் சில மணி நேரத்தில் நிறம் ஏறும். சுவரை வெள்ளையால் ஒட்டி, கறுப்பைச் சிலந்தி வலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிறையப் போட்டால் கசக்கும், பல்லும் நாக்கும் கறுக்கும்.

சைவச்_சமையல்:
மார்ஷ்மெல்லோவிலும் பல கேண்டி கார்ன் (சோள மணி வடிவ ஹாலோவீன் மிட்டாய்) வகைகளிலும் ஜெலட்டின் இருக்கிறது, அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பாக்கெட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். முட்டையும் சேர்க்காதவர்கள், கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீரை அடித்தும் ராயல் ஐசிங் செய்யலாம். என் அனுபவத்தில் காயக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது.

சும்மா_படிப்பவன்:
கடலைத் தண்ணீரில் ஒட்டிய வீட்டுக்கு நான் விருந்துக்கு வரமாட்டேன்.

எடிசன்_அம்மா:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். வெள்ளிக்கிழமை இரவு சுவர், சனிக்கிழமை காலை கூரை, ஞாயிற்றுக்கிழமை அலங்காரம். இஞ்சிமுரப்பா சொன்ன டப்பா யோசனை அருமை, துவரம்பருப்பு டப்பா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததுதான் வேடிக்கை. பெரியவள் கூரை ஓடு மாதிரி கேண்டி கார்னை வரிசையாக அடுக்கினாள். சின்னவன் ஒன்றை ஒட்டினால் இரண்டைத் தின்றான். பின்சுவரில் ஒரு மூலையே காணவில்லை, கடித்தது யார் என்று தெரியவில்லை. கணவர்மேல்தான் சந்தேகம்.

சும்மா_படிப்பவன்:
உண்மையைச் சொல்லுங்கள் அக்கா. க்ளூ கன்னைத் தொடவே இல்லையா?

எடிசன்_அம்மா:
புகைபோக்கிக்கு மட்டும். பிய்த்துத் தின்றுவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒரு பெரிய ரப்பர் சிலந்தியை உட்கார வைத்திருக்கிறேன்.